ஃபிளாப்பர் காலத்துப் பெண்கள் உடை

முதல் உலகப் போர் முடிந்த 1918ஆம் ஆண்டுக்கும் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த 1929ஆம் ஆண்டுக்கும் இடையில், அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் நகரத்து இளம்பெண்களின் தோற்றம் அடியோடு மாறியது. இடுப்பு வரை வளர்ந்த கூந்தல் காதளவுக்கு வெட்டப்பட்டது. கணுக்காலை மறைத்த பாவாடை முழங்கால் வரை ஏறியது. எஃகுப் பட்டைகள் வைத்துத் தைத்த, இடுப்பை இறுக்கும் கார்செட் என்ற உள்ளாடை கழன்றது. இப்படி உடுத்தி, உதட்டில் சாயம் பூசி, இரவு நடன அரங்குக்குத் துணையின்றிப் போய்வந்த பெண்ணை ஆங்கிலத்தில் 'ஃபிளாப்பர்' என்று அழைத்தார்கள்.

இந்த உடை மாற்றத்தைப் பெண் விடுதலையின் அடையாளமாகச் சொல்வது வழக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உடையின் இன்னொரு பண்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது வெட்டவும் தைக்கவும் எளிது, விலையும் மலிவு. வங்கி முதலாளியின் மகளும் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் பெண்ணும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித் தெரிந்தார்கள். உடையைப் பார்த்தே குடும்பத்தின் நிலையைக் கண்டுகொள்ளப் பழகிய சமூகத்துக்கு இது புதிது. அக்காலத்துச் சட்டமன்றங்களும் முதலாளிகளும் நாளிதழ்களும் பதறியதற்குக் காரணம் வெளியே தெரிந்த முழங்கால் மட்டும் அல்ல.

சொல்லின் வரலாறு

'ஃபிளாப்' என்ற ஆங்கில வினைக்குச் சிறகடித்தல் என்று பொருள். பறக்கப் பழகும் பறவைக் குஞ்சை ஃபிளாப்பர் என்றார்கள். 1890களிலேயே இங்கிலாந்தின் பேச்சு வழக்கில் இச்சொல் பதின்பருவப் பெண்ணையும் குறித்தது. அந்நாளில் சிறுமிகள் கூந்தலைப் பின்னித் தொங்கவிட்டார்கள். பெரியவர்களாக ஏற்கப்பட்ட பிறகே கொண்டை போட்டார்கள். பின்னல் முதுகில் ஆட நடக்கும் வயதுப் பெண்ணுக்கு இந்தப் பெயர் பொருந்திப் போயிற்று. அமெரிக்கப் பெண்கள் மழைக்கால ரப்பர் காலணியின் கொக்கிகளை மாட்டாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும்படி நடந்ததால் இப்பெயர் வந்தது என்ற கதை பரவலாக உண்டு. சொல் அந்தப் பழக்கத்துக்குப் பல ஆண்டுகள் மூத்தது என்பதால் கதை நிற்காது.

1920இல் ஆலிவ் தாமஸ் நடித்த 'தி ஃபிளாப்பர்' என்ற திரைப்படம் வெளிவந்தது. அதே ஆண்டு எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு தம் முதல் சிறுகதைத் தொகுப்பின் தலைப்பிலேயே இச்சொல்லைச் சேர்த்தார். 1922இல் சிகாகோவிலிருந்து 'தி ஃபிளாப்பர்' என்ற பெயரில் ஒரு மாத இதழும் தொடங்கியது. ஓவியர் ஜான் ஹெல்ட் 'லைஃப்' இதழில் வரைந்த, நீண்ட கால்களும் சிறு தலையும் கொண்ட பெண்ணுருவம் நாடெங்கும் பரவியது. உண்மைப் பெண்கள் அந்தக் கேலிச்சித்திரத்தைப் பார்த்து உடுத்தத் தொடங்கினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

பிரிட்டனில் இச்சொல் அரசியல் வசையாக மாறியது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் 30 வயதைக் கடந்த, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு மட்டுமே வாக்குரிமை தந்தது. ஆண்களுக்கு அந்த வயது 21. போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்த இளம்பெண்களில் பெரும்பாலோர் இதனால் விடுபட்டுப் போனார்கள். பெண்ணுக்கும் 21 வயதிலேயே வாக்கு என்ற சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, எதிர்த்த நாளிதழ்கள் அதை 'ஃபிளாப்பர் வாக்கு' என்று எள்ளின. குட்டை முடியும் நடனமுமாகத் திரியும் பெண்ணுக்கு நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கத் தெரியுமா என்பது அந்த எள்ளலின் பொருள். சட்டம் 1928இல் நிறைவேறியது. ஏறத்தாழ 50 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலில் சேர்ந்தார்கள். அடுத்து 1929 மே மாதம் நடந்த பொதுத்தேர்தலுக்கு 'ஃபிளாப்பர் தேர்தல்' என்றே பெயர் வந்தது.

போருக்கு முந்தைய உடை

1900ஆம் ஆண்டை ஒட்டிய வசதியான ஐரோப்பியப் பெண்ணின் உடையைத் தனியாக அணிய முடியாது. கார்செட்டின் கயிறுகளைப் பின்னாலிருந்து இழுத்துக் கட்ட ஒருவர் வேண்டும். அதன்மேல் உள்பாவாடைகள், மேல்பாவாடை, உயர்ந்த கழுத்துள்ள ரவிக்கை, தலையில் பெரிய தொப்பி, அதைத் தாங்கும் கொண்டை, கொண்டையைப் பெரிதாகக் காட்ட உள்ளே வைக்கும் சவரி. பணிப்பெண் உள்ள வீட்டுக்கான உடை இது. பணிப்பெண்ணின் உடை வேறு, அவள் கார்செட்டும் வேறு. 1928இல் ஓர் அமெரிக்க வணிக நாளிதழ் போட்ட கணக்கு இங்கே பொருத்தமானது: ஒரு பெண்ணின் முழு உடைக்கு, காலுறை நீங்கலாக, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் 19¼ கஜம் துணி தேவைப்பட்டது, 1928இல் 7 கஜம் போதும். துணி வியாபாரிகளின் கவலையிலிருந்து பிறந்த கணக்கு இது.

மாற்றம் போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. பாரிஸ் வடிவமைப்பாளர் பால் புவாரே கார்செட் இல்லாமல் தோளிலிருந்து விழும் உடைகளை 1900களின் இரண்டாம் பாதியில் தைத்தார். இடுப்பை விடுவித்த அதே புவாரே, 1910 வாக்கில் கணுக்காலைச் சுற்றி இறுகும் பாவாடையைப் புகழ்பெறச் செய்து கால்களைக் கட்டிப்போட்டார். அதை உடுத்தியவர் சிறு அடி வைத்தே நடக்க முடியும், வண்டியில் ஏறுவது பெரும்பாடு. 1914இல் நியூயார்க்கின் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் இரண்டு கைக்குட்டைகளையும் நாடாவையும் சேர்த்துத் தைத்த மார்க்கச்சுக்குக் காப்புரிமை பெற்றார். கார்செட் செய்யும் நிறுவனம் ஒன்றே அதை 1,500 டாலருக்கு வாங்கிக்கொண்டது.

போர் இவற்றை விரைவுபடுத்தியது. பேருந்து நடத்துநராகவும் வெடிகுண்டுத் தொழிற்சாலைத் தொழிலாளியாகவும் போன பெண்ணுக்குத் தரையைப் பெருக்கும் பாவாடை ஆபத்தானது. பட்டும் கம்பளியும் கிடைப்பது அரிதானது. அநாதை இல்லத்தில் வளர்ந்த காப்ரியேல் ஷனெல், அதுவரை ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட ஜெர்சி என்ற பின்னல் துணியை எடுத்துப் பெண்களுக்கு மேலாடை தைத்தார். விலை உயர்ந்த கடையில் மலிவான துணி விற்றது. உடை வரலாற்றில் அது சிறிய நிகழ்ச்சி அல்ல.

உடையின் அமைப்பு

ஃபிளாப்பர் கால உடை அடிப்படையில் ஒரு நேரான குழாய். தோளிலிருந்து தொங்கும். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இருக்காது. வார் அல்லது நாடா இடுப்பெலும்புக்குக் கீழே சுற்றிவரும். மார்பும் இடுப்பும் தெரியாத, வளரிளம் பையனைப் போன்ற உருவமே நாகரிகம். பிரான்சில் இதற்கு 'கார்சோன்' என்று பெயர். பையனைக் குறிக்கும் சொல்லுக்குப் பெண்பால் விகுதி சேர்த்தது. விக்டர் மார்கரீத் 1922இல் இதே தலைப்பில் எழுதிய நாவலின் நாயகி முடியை வெட்டிக்கொண்டு தன் விருப்பப்படி வாழ்கிறாள். நாவல் லட்சக்கணக்கில் விற்றது. ஆசிரியருக்கு அளித்திருந்த லெஜியன் ஆஃப் ஹானர் விருதை அரசு பறித்துக்கொண்டது.

இந்தக் குழாய் வடிவம் தையல்காரருக்கு என்ன செய்தது என்பதே முக்கியம். உடலை ஒட்டித் தைக்கும் பழைய ரவிக்கைக்குப் பல துண்டுகள் வெட்ட வேண்டும், மூன்று நான்கு முறை உடுத்திப் பார்த்துத் திருத்த வேண்டும். நேரான கவுனுக்கு அது தேவையில்லை. பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரிலிருந்து அஞ்சல் வழியே தையல் கற்பித்த ஒரு நிறுவனம், மேரி புரூக்ஸ் பிக்கன் வடிவமைத்த 'ஒரு மணி நேர உடை'யை 1920களின் நடுவில் பரப்பியது. துணியை மடித்து, கழுத்துக்கு ஒரு வெட்டு, கையும் உடலும் சேர்ந்தே வரும்படி பக்கவாட்டில் ஒரு வெட்டு, இரண்டு நேர்த்தையல், கீழே மடித்து அடித்தால் கவுன். தையல் இயந்திரம் இருக்கும் வீட்டில் மதியம் வெட்டிய துணியை மாலையில் உடுத்திக்கொண்டு போகலாம். ஆயத்த ஆடைத் தொழிலுக்கும் இது பெரும் வாய்ப்பானது. உடலை இறுக்காத உடை என்பதால் சில அளவுகளில் தைத்து வைத்தாலே பலருக்குப் பொருந்தியது. பாரிஸ் காட்சிகளில் அமர்ந்து கள்ளத்தனமாக வரைந்துகொண்டு போனவர்களின் கைவழியாகப் புதிய வடிவம் சில வாரங்களில் நியூயார்க் தையற்கூடங்களுக்கு வந்து சேர்ந்தது.

1926 அக்டோபரில் அமெரிக்க 'வோக்' இதழ், ஷனெலின் எளிய கறுப்பு உடை ஒன்றின் படத்தை வெளியிட்டு அதை ஃபோர்டு காருக்கு ஒப்பிட்டது. எல்லோருக்கும் கிடைக்கும், எல்லோரும் அணிவார்கள் என்பது அதன் பொருள். கறுப்பு அதுவரை துக்கத்தின் நிறம். கடைப் பணிப்பெண்களின் சீருடை நிறமும்கூட. செல்வந்தர் வீட்டுப் பெண் கடைப்பெண்ணின் நிறத்தை விரும்பி அணிந்தது இதற்குப் பிறகுதான்.

பாவாடையின் உயரம் பற்றிப் பரவலான தவறான எண்ணம் ஒன்று உண்டு. 1920 பிறந்ததும் முழங்கால் தெரியத் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1920 வாக்கில் கணுக்காலுக்கு மேல் சற்று ஏறிய விளிம்பு, 1922, 1923ஆம் ஆண்டுகளில் மீண்டும் கணுக்காலுக்கு இறங்கியது. 1925இல் கெண்டைக்கால் நடுவுக்கு வந்தது. முழங்காலைத் தொட்டது 1926க்கும 1928க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் மட்டுமே. இன்று திரைப்படங்களிலும் மாறுவேட விருந்துகளிலும் காணும், தொடை வரை குட்டையான, குஞ்சம் தொங்கும் உடை பெரும்பாலும் பிற்காலக் கற்பனை.

இரவு நடனத்துக்கான உடைகளில் கண்ணாடிப் பாசிமணிகளை நெருக்கமாகக் கோத்துத் தைத்தார்கள். ஆடும்போது அவை ஒளியை வாரி இறைத்தன. ஆடுவதற்கென்றே உருவான உடை அது. தென் கரோலினாவின் சார்லஸ்டன் வட்டாரக் கறுப்பின மக்களின் ஆட்டத்திலிருந்து பிறந்து, 1923இல் 'ரன்னிங் வைல்டு' என்ற கறுப்பினக் கலைஞர்களின் இசை நாடகம் வழியாகப் புகழ்பெற்ற சார்லஸ்டன் நடனத்தில் முழங்கால்கள் உள்ளும் வெளியும் விரைந்து ஆடும். நீண்ட பாவாடையில் அதை ஆட முடியாது. 1922 நவம்பரில் துட்டன்காமன் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதும் தாமரை, வண்டு, எகிப்திய எழுத்துருக்கள் எல்லாம் பாசிமணி வேலைப்பாட்டில் புகுந்தன.

தலையில் 'க்ளோஷ்' என்ற மணி வடிவத் தொப்பி, புருவம் வரை இறங்கி அமர்ந்தது. அதை அணிந்த பெண் எதிரே வருபவரைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டும். கொண்டைமேல் இந்தத் தொப்பி உட்காராது. முடியை வெட்டியவர் தொப்பி வாங்கினார், தொப்பி வேண்டியவர் முடியை வெட்டினார்.

முடி

உடையை மாற்றிவிடலாம், வெட்டிய முடி வளர மாதங்கள் ஆகும். அதனால் பாவாடையைவிட முடிக்காகவே குடும்பங்களில் பெரிய சண்டைகள் நடந்தன. நடனக் கலைஞர் ஐரீன் காசில் போர் தொடங்கிய காலத்தில் தம் முடியை வெட்டிக்கொண்டது இதற்கு முன்னோடி. ஃபிட்ஸ்ஜெரால்டின் 'பெர்னிஸ் பாப்ஸ் ஹெர் ஹேர்' கதை 1920 மே மாதம் 'சாட்டர்டே ஈவனிங் போஸ்ட்' இதழில் வந்தது. அக்கதையின் பெண் முடிதிருத்தகத்தின் நாற்காலியில் அமர்வது தூக்குமேடைக்குப் போவதைப் போலச் சித்திரிக்கப்படுகிறது. பெண்களுக்கான சிகை அலங்காரக் கடைகளில் பலவற்றுக்கு முடியைச் சுருட்டவும் கொண்டை போடவும் தெரியுமே தவிர வெட்டத் தெரியாது, சிலர் மறுக்கவும் செய்தார்கள். ஆகவே பெண்கள் ஆண்களின் முடிதிருத்தகங்களில் வரிசையில் நின்றார்கள். 'பாப்' என்ற இந்த வெட்டு பிறகு 'ஷிங்கிள்' ஆகிப் பின்கழுத்து தெரியும்படி குறுகியது; இறுதியில் ஆண் கிராப்பையே ஒத்த 'ஈட்டன் கிராப்' வந்தது. குட்டை முடியை அடக்கப் பயன்பட்ட கம்பி ஊசிக்கு வந்த 'பாபி பின்' என்ற பெயர் இந்த வெட்டிலிருந்தே பிறந்தது. தமிழ்நாட்டில் சிறுமிகளுக்கு வெட்டும் 'பாப் கட்டிங்' இந்தச் சொல்லின் எச்சம்.

சிகாகோவின் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று 1921இல் முடியை வெட்டிக்கொண்ட விற்பனைப் பெண்களை வேலைக்கு வைக்க மறுத்தது. அந்தக் கடையில் துணி வாங்க வந்த பணக்காரப் பெண்கள் முடியை வெட்டியிருந்தால் யாரும் தடுக்கவில்லை.

1924ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்கள் நியூயார்க் நகரத்தை ஒரு குட்டை முடி ஆட்டிப் படைத்தது. புரூக்ளினில் மளிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் ஓர் இளம்பெண் துப்பாக்கியைக் காட்டிப் பணத்தைப் பறித்துக்கொண்டு ஒரு ஆணுடன் காரில் தப்பினாள். அவளைப் பற்றிக் கடைக்காரர்கள் சொன்ன முதல் அடையாளம் வெட்டிய முடி. நாளிதழ்கள் அவளுக்கு 'குட்டை முடிக் கொள்ளைக்காரி' என்று பெயரிட்டன. நகரத்தில் பாதி இளம்பெண்களுக்குப் பொருந்தும் அடையாளம் அது என்பதைக் காவல்துறை சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது. ஏப்ரலில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் பிடிபட்டபோது அவள் யார் என்று தெரிந்தது. பெயர் சீலியா கூனி, வயது 20, சலவைக்கூடத்தில் வேலை செய்தவள், பிறக்கப்போகும் குழந்தைக்கு நல்ல வீடு வேண்டும் என்று கணவன் எட்வர்டுடன் கொள்ளையில் இறங்கியவள். தப்பி ஓடிய இடத்தில் பிறந்த குழந்தை சில நாட்களில் இறந்துபோயிற்று. இருவருக்கும் 10 முதல் 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1931இல் விடுதலையானார்கள். விசாரணையில் வெளிவந்த அவளது குழந்தைப் பருவம் வறுமையும் புறக்கணிப்புமாக இருந்தது. நாளிதழ்கள் அதைப் பற்றி எழுதியதைவிட அவளது தொப்பியையும் முடியையும் பற்றி அதிகம் எழுதின.

கறுப்பினப் பெண்களும் இதே ஆண்டுகளில் முடியை வெட்டினார்கள், இதே உடைகளை அணிந்தார்கள், நியூயார்க்கின் ஹார்லெமில் இந்த நாகரிகத்தை முன்னின்று நடத்தினார்கள். ஆனால் இதழ் அட்டைகளில் வந்த ஃபிளாப்பர் எப்போதும் வெள்ளைப் பெண்தான். 1925இல் பாரிஸ் மேடையேறிய அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஜோசபின் பேக்கர் தலையோடு ஒட்டி வாரிய குட்டை முடியால் ஐரோப்பாவை மயக்கினார். அதைப்போல வாரிக்கொள்ள விரும்பிய பிரெஞ்சுப் பெண்களுக்காக 'பேக்கர்ஃபிக்ஸ்' என்ற தலைப்பசை விற்பனைக்கு வந்தது.

சட்டமும் அளவுகோலும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலச் சட்டமன்றத்தில் 1921இல் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. கணுக்காலுக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் பாவாடை அணிந்து தெருவில் நடந்தால் அபராதமும் சிறையும் என்றது அது. வேறு சில மாநிலங்களிலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. 1922 கோடையில் வாஷிங்டன் நகரின் குளியல் கரையில் ஒரு காவலர் அளவு நாடாவுடன் மண்டியிட்டு, நீச்சலுடைக்கும் முழங்காலுக்கும் இடையே ஆறு அங்குலத்துக்கு மேல் இருக்கிறதா என்று அளக்கும் புகைப்படம் இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. டென்னிஸ் வீராங்கனை சூசான் லெங்லென் 1919இல் விம்பிள்டனில் கார்செட் இல்லாமல், குட்டைக் கையும் கெண்டைக்கால் அளவுப் பாவாடையுமாக இறங்கியபோதும் கூச்சல் எழுந்தது. கார்செட்டுடன் ஓடியவர்களைத் தோற்கடித்து அவர் கோப்பையை வென்றார்.

அமெரிக்காவில் இந்தத் தடைகள் பெரும்பாலும் கேலியில் முடிந்தன. வேறு நாடுகளில் அப்படி இல்லை. 1924 ஜூலையில் மெக்சிகோ நகரத்தில் 'பெலோனா' எனப்பட்ட குட்டை முடிப் பெண்களை மாணவர் கும்பல்கள் தாக்கி, பிடித்தவர்களின் தலையை மழித்தன. ஜப்பானின் 'மோகா' பெண்கள், டோக்கியோவின் கின்சா வீதியில் குட்டை முடியும் மேற்கத்திய கவுனுமாக நடந்ததற்காகத் தேசத் துரோகிகளைப் போலப் பேசப்பட்டார்கள். சீனாவில் முடி வெட்டுதல் பெண் கல்வி, அரசியல் இயக்கம் ஆகியவற்றுடன் சேர்ந்தே வந்தது. 1927இல் தேசியவாதக் கட்சி பொதுவுடைமையாளர்களை வேட்டையாடத் தொடங்கியபோது குட்டை முடியே புரட்சிக்காரியின் சான்றாகக் கொள்ளப்பட்டது. அந்த ஓர் அடையாளத்துக்காகக் கைதானவர்களும் கொல்லப்பட்டவர்களும் உண்டு. இந்தியாவில் இந்தத் தோற்றம் முதலில் திரையில் வந்தது. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்து நடிகையான ரூபி மையர்ஸ், 'சுலோச்சனா' என்ற பெயரில் 1927இல் நடித்த 'வைல்டுகேட் ஆஃப் பாம்பே' மௌனப் படத்தில் எட்டு வேடங்களில் தோன்றினார்.

புதிய இறுக்கம்

கார்செட் போன இடம் காலியாக இருக்கவில்லை. நேரான குழாய் உடைக்கு நேரான உடல் வேண்டும். அது இல்லாத பெண்கள், அதாவது பெரும்பாலான பெண்கள், மார்பைத் தட்டையாக அழுத்தும் பட்டைகளை வாங்கினார்கள். இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோ நகரில் காலங்காலமாகக் கார்செட் செய்துவந்த சிமிங்டன் நிறுவனம், இருபுறமும் கயிறிட்டு இறுக்கும் 'சைடு லேசர்' என்ற மார்க்கச்சைத் தயாரித்தது. இடுப்புக்கு ரப்பர் கச்சை வந்தது.

உடையால் மறைக்க முடியாததை உணவால் குறைக்க வேண்டியிருந்தது. மருத்துவர் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் 1918இல் எழுதிய எடைக் குறைப்பு நூல் 1920கள் முழுவதும் விற்றது. கலோரி என்ற சொல்லைச் சமையலறைக்குக் கொண்டுவந்த நூல்களில் அது முதன்மையானது. 1928இல் லக்கி ஸ்டிரைக் சிகரெட்டின் விளம்பரம், இனிப்புக்குப் பதிலாகச் சிகரெட்டை எடுக்கும்படி பெண்களுக்கு நேரடியாகச் சொன்னது. அடுத்த ஆண்டு ஈஸ்டர் நாளில் நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் இளம்பெண்கள் சிகரெட் புகைத்தபடி ஊர்வலம் போனார்கள். சிகரெட்டுக்கு 'விடுதலைத் தீப்பந்தம்' என்று பெயரிட்டார்கள். ஊர்வலத்தை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ், புகையிலை நிறுவனத்தின் விளம்பர ஆலோசகர்.

செயற்கைப் பட்டின் ஊர்

பாவாடை ஏறியதும் கால் தெரிந்தது, காலுறை முக்கியமானது. போருக்கு முன் பெரும்பாலான பெண்கள் கறுப்புப் பருத்திக் காலுறை அணிந்தார்கள். இப்போது தோல் நிறத்தில் பட்டுக் காலுறை வேண்டும். பட்டு வாங்க முடியாதவர்களுக்கு 'செயற்கைப் பட்டு' இருந்தது. மரக்கூழையும் பருத்திக் கழிவையும் வேதிப்பொருளில் கரைத்து இழையாக இழுத்தது அது. 1924இல் அமெரிக்க உற்பத்தியாளர்கள் அதற்கு 'ரேயான்' என்று பெயர் வைத்தார்கள். அது அளவுக்கு மீறிப் பளபளத்ததால் பெண்கள் கால்மேல் பவுடர் தடவி மினுமினுப்பை மங்கச் செய்தார்கள். நனைந்தால் வலுவிழக்கும், துவைக்கும்போது கவனம் வேண்டும். ஆனாலும் ஆலைப் பெண்ணின் கைக்கு எட்டிய விலை அதற்குத்தான் இருந்தது.

டென்னசி மாநில மலைப்பகுதியிலுள்ள எலிசபெத்டன் என்ற சிற்றூரில் 1920களின் பிற்பகுதியில் பெம்பெர்க், கிளான்ஸ்டாஃப் என்ற இரண்டு ஜெர்மன் ரேயான் ஆலைகள் எழுந்தன. சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து இளம்பெண்கள் வேலைக்கு வந்தார்கள். வாரத்துக்கு 56 மணி நேர வேலை. விஸ்கோஸ் முறை ரேயானுக்குப் பயன்படும் கரிம இருசல்பைடின் ஆவி நரம்புகளைத் தாக்கும், மனநிலையையும் குலைக்கும். கழிப்பறைக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். சில பிரிவுகளில் முகத்துக்குப் பூச்சு போடக்கூடாது என்ற விதியும் இருந்தது. ஃபிளாப்பரின் உடைக்கு இழை நூற்றவர்களே ஃபிளாப்பரைப் போல வரக்கூடாது என்பதே அதன் பொருள்.

1929 மார்ச் 12 அன்று கிளான்ஸ்டாஃப் ஆலையின் பரிசோதனைப் பிரிவுப் பெண்கள் மார்கரெட் போவன் தலைமையில் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். சில நாட்களில் இரண்டு ஆலைகளும் நின்றன. மாநில அரசு தேசியக் காவல் படையை அனுப்பியது. சாலையில் படையினரை மறித்து நின்றவர்களில் முன்வரிசையில் இளம்பெண்கள் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். நீதிமன்றத்துக்கு வந்த டிரிக்ஸி பெர்ரி என்ற தொழிலாளி சிவப்பு, வெள்ளை, நீலத் துணியில் தைத்த உடையும் அமெரிக்கக் கொடியால் செய்த தொப்பியும் அணிந்திருந்தார். கொடியையா தலையில் வைத்திருக்கிறாய் என்று அரசு வழக்கறிஞர் மடக்கியபோது, அதன்கீழ் பிறந்தவளுக்கு அந்த உரிமை உண்டு என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். உடையைக் கொண்டு தன்னை மதிப்பிட வந்தவருக்கு உடையாலேயே பதில் தரத் தெரிந்தவர். மே மாத இறுதியில் வேலைநிறுத்தம் முடிந்தபோது தொழிலாளர்கள் பெற்றது குறைவு. முன்னின்ற பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

இறங்கிய விளிம்பு

அதே 1929ஆம் ஆண்டின் கோடையில் பாரிஸ் வடிவமைப்பாளர் ஜான் பாத்து, இடுப்பை அதன் இயல்பான இடத்துக்குக் கொண்டுவந்து, பாவாடையை நீளமாக்கிய உடைகளைக் காட்சிக்கு வைத்தார். பங்குச் சந்தை சரிந்தது அக்டோபரில். பொருளாதாரம் வீழ்ந்தால் பாவாடை நீளும் என்று பிற்காலத்தில் பரவிய கருத்துக்கு 1929ஐயே சான்றாகக் காட்டுவார்கள். நாட்காட்டியைப் பார்த்தால் பாவாடை முதலில் இறங்கியது, சந்தை பிறகு இறங்கியது.

1930களில் மாலை உடைகள் மீண்டும் தரையைத் தொட்டன. துணியை மூலைவாட்டில் வெட்டி உடல் வளைவைக் காட்டும் மாதலேன் வியோனேயின் முறை முன்னுக்கு வந்தது. பகல் உடை மட்டும் கெண்டைக்காலோடு நின்றது. முடி சற்று வளர்ந்து அலைகளாகச் சுருண்டாலும் பழைய கொண்டைக்குத் திரும்பவில்லை. கடையில் தைத்துத் தொங்கும் கவுனை வாங்கும் பழக்கமும் போகவில்லை.

அருங்காட்சியகங்களில் இன்று இருக்கும் ஃபிளாப்பர் கால உடைகள் பெரும்பாலும் செல்வந்தர் வீட்டுப் பாசிமணி உடைகள். மெல்லிய பட்டுத்துணி மணிகளின் எடையைத் தாங்காமல் தோளில் கிழிந்துவிடும் என்பதால் அவற்றை மாட்டித் தொங்கவிடாமல் இழுப்பறைகளில் படுக்க வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் தைத்த பருத்திக் கவுன்களும் ரேயான் கவுன்களும் தேயும்வரை உடுத்தப்பட்டு, பிறகு பிள்ளைகளுக்குச் சிறிதாக்கித் தைக்கப்பட்டு, கடைசியில் கந்தலாயின. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் எலிசபெத்டன் போன்ற ஊர்களின் வேலைநிறுத்தப் புகைப்படங்களில்தான் தேட வேண்டும்.